பெல்வியூ வெடிப்பு: வீட்டில் ஹாஷ் எண்ணெய் எடுக்கப் போய் ஒரு குடியிருப்பே எரிந்த கதை

2013 நவம்பர் 5. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு ஏரியின் மறுகரையில் இருக்கும் பெல்வியூ நகரம். ஹாம்ப்டன் கிரீன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள், லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேன் வாயுவை வைத்துக் கஞ்சாவிலிருந்து ஹாஷ் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாயு பற்றிக்கொண்டு வெடித்தது. தீ அந்த வீட்டோடு நிற்கவில்லை, பக்கத்து வீடுகளுக்கும் பரவியது. மாடியில் இருந்து குதித்துத் தப்பியவர்கள் உண்டு. அதே குடியிருப்பில் இருந்த 87 வயது மூதாட்டி நேன் கேம்ப்பெல், தப்பித்து வெளியேறும்போது இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், அதன் பிறகு உயிர் பிழைக்கவில்லை. அவர் ஒரு காலத்தில் அந்த நகரத்தின் முதல் பெண் மேயர்.

இந்தச் சம்பவத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு முக்கியமான காரணம் அவருடைய மரணம்தான். வீட்டில் ஹாஷ் எடுப்பதைப் பற்றிப் பேசும்போது "என் வீடு, என் உடம்பு, என் ரிஸ்க்" என்ற வாதம் உடனே வந்துவிடும். கஞ்சா பிடிப்பதைப் பற்றி அந்த வாதத்தை வைத்துக்கொள்ளலாம், அது தனிப் பேச்சு. பியூட்டேனை மூடிய கருவி எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் ஊற்றும் வேலைக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. காரணம் அந்த வாயுவின் குணத்திலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம், ஏனென்றால் "நான் ஜாக்கிரதையாகச் செய்வேன்" என்று நினைப்பவர்களுக்குச் சரியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள்

கஞ்சாச் செடியின் பூக்களில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக நுண்ணிய சுரப்பிகள் இருக்கும். போதை தரும் பொருள் பெரும்பாலும் அந்தச் சுரப்பியின் தலையில் இருக்கும் பிசினில்தான் இருக்கிறது. ஹாஷ் என்பது அந்தப் பிசினை இலை தழையிலிருந்து பிரித்து ஒன்றாகச் சேர்த்து அழுத்தியது, அவ்வளவுதான். இமயமலைப் பகுதியில் கையால் உருட்டி எடுத்தார்கள், மொராக்கோவின் ரிஃப் மலையிலும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலும் காய்ந்த செடியைத் தட்டிச் சலித்து எடுத்தார்கள். சூடும் அழுத்தமும் போதும், வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பியூட்டேன் முறை இதிலிருந்து முழுக்க வேறு. இங்கே வாயுவை அழுத்தத்தில் திரவமாக வைத்துச் செடியின் ஊடே செலுத்துகிறார்கள். அது பிசினைக் கரைத்துக்கொண்டு வரும், பிறகு திரவம் ஆவியாகிப் போய்விட்டால் பிசின் மட்டும் மிஞ்சும், அதுதான் ஹாஷ் எண்ணெய். வேகமாக நடக்கும், மிஞ்சிய செடிக் குப்பையிலிருந்தும் எடுக்கலாம், கிடைப்பதும் பூவைவிடப் பல மடங்கு வீரியமானது. கருவிக்குப் பெரிய செலவு கிடையாது, லைட்டருக்கு நிரப்பும் கேஸ் டின் எந்தக் கடையிலும் கிடைத்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது அமெரிக்காவில் வீடுகளுக்குள் பரவியதற்கு இவ்வளவு காரணம் போதும். பெல்வியூ சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2013 பிப்ரவரியிலேயே, அமெரிக்கத் தீயணைப்புத் துறை நிர்வாகம் தன் செய்திக்குறிப்பில் ஹாஷ் எண்ணெய் வெடிப்புகள் நாடு முழுக்கக் கூடி வருவதாகத் தீயணைப்பு வீரர்களை எச்சரித்திருந்தது. ஆக, இப்படி ஒன்று நடக்கும் என்று தெரியாமல் யாரும் இருக்கவில்லை.

ஒரு டின் போதும்

"ஆவியாகிப் போய்விடும்" என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வாயு எங்கே போகிறது என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு அரை டிகிரி கீழேயே கொதிக்கும். அறை வெப்பத்தில் டின்னை விட்டு வெளியே வந்த அடுத்த நொடியிலிருந்து அது ஆவியாக ஆரம்பித்துவிடும். 300 மில்லி டின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 170 கிராம் திரவம். அது முழுக்க வாயுவானால் ஏறக்குறைய 70 லிட்டர். காற்றில் பியூட்டேன் 1.8 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் நிலை வந்துவிடும், 8.4 சதவீதம் வரை அந்த நிலை நீடிக்கும். 70 லிட்டரை 1.8 சதவீதக் கலவையாக்கினால் கிட்டத்தட்ட 3,900 லிட்டர், அதாவது நான்கு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இதை ஒரு சமையலறைத் தரையில் வைத்துப் பாருங்கள். மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் என்றால் தரைப் பரப்பு ஏழரை சதுர மீட்டர். நான்கு கன மீட்டர் கலவையை அதன் மேல் பரப்பினால் அரை மீட்டர் உயரம் வரும். முழங்கால் அளவு. ஒரே ஒரு டின் அந்த அறையின் தரை முழுவதையும் முழங்கால் உயரத்துக்குப் பற்றக்கூடிய காற்றாக மாற்றப் போதுமானது. இந்த வேலையைச் செய்பவர்கள் ஒரே டின்னோடு நிறுத்துவதும் இல்லை.

ஏன் தரை மேல் என்கிறேன்? பியூட்டேன் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அதுவும் இப்போதுதான் ஆவியானது சில்லென்று இருக்கும், அதனால் இன்னும் கனம். தண்ணீரைக் கொட்டினால் எப்படிப் பள்ளம் பார்த்துப் போகுமோ அப்படித் தரையோடு வழிந்து, கதவிடுக்கில் நுழைந்து, பக்கத்து அறைக்குப் போகும். இங்கேதான் "ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்தோம்" என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. ஜன்னலின் அடிப்பக்கம் பெரும்பாலும் இடுப்பு உயரத்தில் இருக்கும், வாயு முழங்காலுக்குக் கீழே கிடக்கும். ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்து முகத்தில் படும், ஆபத்து போய்விட்டது என்ற நினைப்பையும் சேர்த்துத் தரும், காலடியில் எதுவும் மாறியிருக்காது. அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அதே கதைதான், போதாததற்கு அதன் ஸ்விட்சிலோ மோட்டாரிலோ ஒரு பொறி கிளம்ப வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவில் வீட்டு கராஜுக்கு ஒரு கட்டுமான விதி இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் மாதிரி தீப்பொறி வரக்கூடிய கருவிகளைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும். காரிலிருந்து கசியும் பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு கிடக்கும், அதனால் இந்த விதி. கனமான ஆவி எங்கே தங்கும் என்று கட்டிடம் கட்டுகிறவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. சமையலறையில் யாரும் அப்படி எதிர்பார்க்கவில்லை. அங்கே ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது, அதை இயக்கிவிடும் ரிலேயும் அங்கேயேதான்.

சரி, எவ்வளவு பெரிய பொறி வேண்டும்? கால் மில்லிஜூல் போதும். காய்ந்த நாளில் கம்பளத்தில் நடந்துவிட்டுக் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஒரு நிலைமின்சாரம் கடிக்குமே, நமக்கு உறைக்கும் அளவுக்கு வந்த அந்தக் கடியே அதைவிடப் பல மடங்கு பெரியது. அடுப்பை அணைத்துவிட்டோம், சிகரெட் பிடிக்கவில்லை என்பதெல்லாம் உதவாது. ஃப்ரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும், வாட்டர் ஹீட்டரின் பைலட் சுடர் எரிந்துகொண்டே இருக்கும், பக்கத்து அறையில் ஒருவர் வந்து லைட்டைப் போடுவார்.

"எனக்கு இதுவரை எதுவும் ஆகவில்லை"

இது உண்மையாகவே இருக்கலாம், அதனால்தான் இதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாயு வெளிவரும் இடத்துக்கு மிக அருகில் அதன் அளவு 8.4 சதவீதத்தைத் தாண்டி இருக்கும். அங்கே எரியப் போதுமான ஆக்ஸிஜன் இல்லை, பொறி விழுந்தால்கூடப் பற்றாமல் போகலாம். ஆபத்தான பகுதி என்பது அந்த மேகத்தின் விளிம்பு, காற்றோடு கலந்து நீர்த்துப்போன இடம். அந்த விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு ஃப்ரிட்ஜுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிடும், இன்னொரு நாள் அதைத் தொடும், தொட்ட நேரத்தில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் முடிந்தது. அங்கே பற்றிய தீ விளிம்பு வழியாகவே ஓடி, வாயு வெளிவரும் இடத்துக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் கைக்கும் வந்து சேரும். ஒன்றும் ஆகாமல் போன நாளில் அவர் செய்தது எதுவும் வெடித்த நாளில் செய்ததிலிருந்து வித்தியாசமாக இருந்திருக்காது. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் சிலர் காதில் வாங்குவதில்லை.

வெளியில், திறந்த இடத்தில் செய்தால்? வாயு கலைந்து போகும், அது உண்மை. ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. பிசினுக்குள் கொஞ்சம் பியூட்டேன் கரைந்தபடியே இருக்கும். ஆவியாகும்போது தட்டு குளிர்ந்து உறைபனி பிடித்துவிடும், குளிர்ந்ததும் ஆவியாவது மெதுவாகும், பொறுமை போய்விடும். உடனே தட்டை உள்ளே எடுத்துவந்து சூடாக்குவார்கள். தங்கியிருந்த வாயு அப்போது வீட்டுக்குள் கிளம்பும்.

வாசனை வராதா என்று கேட்கலாம். வீட்டு கேஸில் கசிவு தெரிய வேண்டும் என்றே நாற்றமடிக்கும் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். லைட்டருக்கான பியூட்டேனைச் சுத்திகரிக்கச் சுத்திகரிக்க அந்த நாற்றம் போய்விடும். ஹாஷ் எடுப்பவர்கள் தேடித்தேடி வாங்குவதும் அப்படிச் சுத்தமான டின்னைத்தான், எண்ணெயில் நாற்றம் வரக்கூடாது என்பதற்காக. உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே எச்சரிக்கையைக் காசு கொடுத்து விலக்கிவிடுகிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

மூடிய இடத்தில் இப்படிப்பட்ட கலவை முழுதாக எரிந்தால் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல எட்டு மடங்கு வரை போகக்கூடும். அவ்வளவுக்குப் போவதற்கு வெகு முன்பே கண்ணாடி உடைந்துவிடும், கதவு பிய்த்துக்கொண்டு போகும், மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டிய சுவர் நகர்ந்துவிடும். அமெரிக்கக் குடியிருப்புகள் பல இப்படிக் கட்டப்பட்டவைதான். வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் தீயை ஒரு குறிப்பிட்ட நேரம் தடுத்து நிறுத்தும் வகையில் அமைக்கப்படுவது, வெடிப்பின் தள்ளுதலைத் தாங்குவதற்கு அல்ல. சுவர் ஒருமுறை பிளந்துவிட்டால் தீத்தடுப்பு என்ற ஏற்பாடே இல்லாமல் போகிறது. சும்மா அடுப்பில் பற்றிய தீ என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அலாரம் கேட்டு, செருப்பு மாட்டி, படியிறங்க நேரம் இருக்கும். இங்கே அந்த நேரம் முதல் நொடியிலேயே போய்விடுகிறது. 87 வயதில் ஒருவர் அந்தச் சூழ்நிலையில் எவ்வளவு வேகமாக இறங்க முடியும்?

மீதமிருக்கும் டின்களும் சும்மா இருக்காது. சூடேறி ஒவ்வொன்றாக வெடிக்கும். உள்ளே போகும் தீயணைப்பு வீரர்களுக்கு இது பெரிய தலைவலி.

செய்தவர்களுக்கு வரும் காயத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு: முகம், கைகள், முன்கை. டின்னைப் பிடித்துக் குனிந்து நிற்கும் நிலையில் தீ அங்கேதான் முதலில் படும். நைலான், பாலியஸ்டர் உடுப்பு என்றால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சூடான காற்றை உள்ளே இழுத்தால் மூச்சுக்குழல் வீங்கி, செயற்கை சுவாசம் வைக்கும் நிலை வரும். கையின் மேற்புறத் தோல் மெல்லியது, அங்கே ஆழமாக வெந்தால் தோல் ஒட்டு போட்ட பிறகும் விரல்கள் பழையபடி மடங்குவது சந்தேகம்தான். கொலராடோவிலும் கலிஃபோர்னியாவிலும் தீக்காயச் சிகிச்சை மையங்களின் மருத்துவர்கள் இந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் தனியாகவே எழுத ஆரம்பித்தார்கள்.

சட்டம் எதைத் தண்டித்தது

நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டன் மாநில மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து, 21 வயது நிரம்பியவர்கள் குறிப்பிட்ட அளவு கஞ்சா வைத்திருப்பதைச் சட்டபூர்வமாக்கினார்கள். உரிமம் பெற்ற கடைகள் திறந்தது 2014 ஜூலையில். பெல்வியூ வெடிப்பு இந்த இரண்டுக்கும் நடுவே. வைத்திருந்தால் குற்றமில்லை, பொழுதுபோக்குக்காக வாங்கச் சட்டபூர்வமான கடை இல்லை என்ற இடைவெளி அது. சட்டபூர்வமாக்கியதால்தான் இது நடந்தது என்று ஒரு தரப்பு சொன்னது, ஒழுங்கான கடையும் தொழிற்கூடமும் முன்பே இருந்திருந்தால் வீட்டில் செய்திருக்க மாட்டார்கள் என்று மறு தரப்பு. இரண்டாவது தரப்பின் பக்கம் நியாயம் சற்றுக் கூடுதல் என்று நினைக்கிறேன், ஆனாலும் முழு நியாயம் இல்லை, ஏனென்றால் கடைகள் வந்த பிறகும் மலிவாக வேண்டும், விற்க வேண்டும் என்று வீட்டில் எடுப்பவர்கள் இருந்தார்கள்.

வழக்கை மத்திய அரசு கையில் எடுத்தது. 2014இல் குற்றச்சாட்டு பதிவானது, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறை. பயன்படுத்திய சட்டப்பிரிவு கவனிக்கத்தக்கது. போதைப்பொருள் தயாரிக்கும்போது மனித உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பத்து ஆண்டு வரை சிறை என்ற பிரிவு அது, 1988இல் வந்தது. சட்டம் இயற்றியவர்களின் கண்ணுக்கு முன்னால் அன்று இருந்தது வேறு போதைப்பொருள்களின் ரகசிய ஆய்வுக்கூடங்கள். கால் நூற்றாண்டு கழித்து அது சமையலறையில் ஹாஷ் எடுத்தவர்கள் மேல் பாய்ந்தது.

எந்தப் பிரிவில் தண்டிப்பது என்ற கேள்வி கலிஃபோர்னியாவில் அதற்கு முன்பே, 2008இல், மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. பெர்கன் வழக்கு என்பார்கள். செறிவூட்டிய கஞ்சா தயாரிப்பதற்குத் தனியாக, லேசான பிரிவு இருக்கும்போது ஏன் கடுமையான பிரிவைப் போடுகிறீர்கள் என்பது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பியூட்டேன் மாதிரி ரசாயனத்தால் பிரித்தெடுத்தால் அது வேதிமுறைத் தயாரிப்புக்கான பிரிவில்தான் வரும், தண்டனை மூன்று, ஐந்து அல்லது ஏழு ஆண்டு, ஏனென்றால் அந்தப் பிரிவின் நோக்கமே தீ, வெடிப்பு போன்ற ஆபத்துகளைத் தடுப்பது என்று சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பின் பார்வை சரியாகப் படுகிறது. கையில் கிடைத்த பொருள் ஒன்றாகவே இருக்கலாம், சலித்து எடுத்தவரால் அண்டை வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை. 2015இல் கொலராடோவும் இதே வழியில் போனது: தன் தேவைக்குச் செடி வளர்க்க அனுமதித்த மாநிலமே, பியூட்டேன் மாதிரி ஆபத்தான கரைப்பான்களை வைத்து உரிமம் இல்லாமல் பிரித்தெடுப்பதைக் கடும் குற்றமாக்கியது.

உரிமம் பெற்ற தொழிற்கூடங்களிலும் பியூட்டேன் உண்டு. அங்கே வாயு வெளியே வருவதே இல்லை, மூடிய குழாய்களுக்குள் சுற்றித் திரும்ப அதே தொட்டிக்கு வந்து சேரும். பொறி வராத மின்கருவிகள், தரை மட்டத்தில் வாயு உணரிகள், ஓயாமல் ஓடும் காற்றோட்டம், தகுதி பெற்ற பொறியாளரின் சான்று என்று அறையே அதற்காகக் கட்டப்பட்டது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் தீ விதித்தொகுப்பில் 2018 பதிப்பில் இதற்காகவே 38ஆம் அத்தியாயம் சேர்த்தார்கள். இவ்வளவு இருந்தும் அந்தத் தொழிலைச் சுற்றி விபத்து நிற்கவில்லை. 2020 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில், ஹாஷ் எண்ணெய்த் தயாரிப்பாளர்களுக்குச் சரக்கு விற்கும் ஒரு கிடங்கில் தீப்பிடித்து வெடித்ததில் பத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் காயமடைந்தார்கள். அது எண்ணெய் எடுக்கும் இடம்கூட இல்லை.

2015ஐ ஒட்டி, முடியை நேராக்கும் சூட்டுக் கருவியில் பூவை வைத்து அழுத்திப் பிசினைப் பிழிந்தெடுக்கும் முறை பரவியது, பிறகு அதற்கென்றே அழுத்தக் கருவிகள் வந்தன. ஐஸ் தண்ணீரில் கலக்கிச் சல்லடைப் பையில் வடிக்கும் முறை அதற்கும் முன்பே இருந்தது. சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வீட்டில் ஹாஷ் செய்பவர்களில் பலர் இவற்றுக்கு மாறிவிட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இது நடந்ததாக நான் நினைக்கவில்லை, கரைப்பான் வாடையே இல்லாத சரக்குக்குத்தான் இப்போது மதிப்பு அதிகம், அதுவும் பெரிய காரணம். வீரியம் அதிகமான எதிலும் இருக்கும் பிரச்சினைகள் இதிலும் இருக்கும்: பதற்றம், வாந்தி, பழக்கம் முற்றுவது, குழந்தைகள் கையில் கிடைப்பது. ஆனால் சூட்டிலும் ஐஸிலும் எடுத்ததால் பக்கத்து வீட்டுச் சுவர் பிளக்காது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஒரே வீட்டிலிருந்து குப்பையில் லைட்டர் கேஸ் டின்கள் டஜன் கணக்கில் வருவதைப் பார்த்தால் கட்டிட நிர்வாகத்திடமோ தீயணைப்புத் துறையிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நட்பு கெடுமே என்று யோசிக்க வேண்டாம். வாயு கசிந்திருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் லைட்டைப் போடவோ அணைக்கவோ வேண்டாம், காலிங் பெல்லை அழுத்த வேண்டாம், ஃபேனைத் தொட வேண்டாம், கதவைத் தட்டி ஆட்களை எழுப்பிக்கொண்டு படி வழியாக இறங்கிவிடுங்கள், கட்டிடத்தை விட்டு நன்றாகத் தள்ளி வந்த பிறகு போன் செய்யுங்கள். வயதானவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதை வருகிற தீயணைப்பு வீரர்களிடம் முதலில் சொல்லுங்கள்.